லீக்ஸ் தின்ற கிடாவும் ஒரு தலைக்கட்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ராகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் மத்தியஸ்த சபை. போய் இறங்கினால், வலைப்பந்துக் கம்பத்தில் ஒரு கிடா கட்டியிருக்கிறது. அதுதான் வழக்கே!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோர்ட் வரை போகத் தேவையில்லாத சின்னச் சண்டைகள் எங்களிடம் வரும். நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. பேச வைத்து, சமாதானம் பண்ணி, கையெழுத்து வாங்கலாம். அன்றைய குழுவில் மூவர். தலைவர் ஒரு பௌத்த தேரர்; சிங்களத்தில் மரியாதையாக 'ஹாமுதுருவனே' என்றுதான் கூப்பிட வேண்டும். அடுத்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். மூன்றாவது, ஓய்வுபெற்றும் வாய் ஓயாத டீச்சராகிய நான். தேரரின் சிங்களத்தைத் தமிழில் சொல்வதும், தமிழைச் சிங்களத்தில் சொல்வதும் என் வேலை.

விஷயம் இதுதான். தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் மாரிமுத்து, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. பக்கத்து லயத்தில், அதாவது அடுத்த வரிசை வீடுகளில், இருக்கும் செல்வராணியின் லீக்ஸ் பாத்தியில் இறங்கி, ஒரு தண்டு விடாமல் தின்றுவிட்டது. செல்வராணி பிடித்துக் கட்டிப்போட்டார். எட்டு நாளாகத் தர மறுக்கிறார். திருவிழாவோ அடுத்த வெள்ளி. மாரிமுத்து பொலிஸுக்குப் போனார், பொலிஸ் எங்களிடம் அனுப்பிவிட்டது.

இதிலென்ன கஷ்டம்? லீக்ஸுக்கு நஷ்டஈடு, கிடாவுக்கு விடுதலை. பத்து நிமிட வேலை. எனக்கோ மத்தியானம் நுவரெலியாவில் கல்யாணச் சாப்பாடு காத்திருந்தது.

தேரர் விட்டால்தானே! "துக்கம் இருந்தால் அதற்கொரு காரணம் இருக்கும். காரணத்தைப் பிடிக்காமல் துக்கத்தை விரட்ட முடியாது" என்றார். முதலில் எல்லோரும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டுமாம். மூடினோம். நான் ஒரு கண்ணால் கடிகாரத்தைக் கவனித்தேன். வெளியே கிடா மட்டும் 'மே...' என்று கத்தியது. அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"லீக்ஸ் போனதுதான் கோபமான்னு சாமி கேக்கிறாரும்மா" என்றேன்.

"லீக்ஸ் போனாப் போவுதுங்க. திரும்ப நட்டுக்கலாம்."

"அப்புறம் ஏன் கிடாவைக் குடுக்கல?"

செல்வராணி ஜன்னல் வழியே கிடாவைப் பார்த்தார். என் வகுப்பாக இருந்தால் இந்நேரம் பிரம்பைத் தேடியிருப்பேன். தேரரோ சும்மா உட்கார்ந்திருந்தார். செல்வராணி சட்டென்று வெடித்தார்.

"போன வருசத் திருவிழாவுல எல்லா வீட்டுக்கும் கறிப் பங்கு போச்சுங்க. எங்க வீட்டுக்கு மட்டும் வரல. அப்ப எங்க வீட்டுக்காரரு செத்து நாலு மாசம். அவரு பேரை நோட்டுல வெட்டுனாங்க, சரி. என் பேரை எழுத வேணாமா? அப்ப நான் அந்தத் தோட்டத்துல ஆளே இல்லையா?"

கோயில் நோட்டில் ஒரு வீட்டுக்கு ஓர் ஆண் பெயர். அதுதான் தலைக்கட்டுக் கணக்கு. ஆண் போனால் வீடே போயிற்று. வரியும் இல்லை, பங்கும் இல்லை. மாரிமுத்து கெட்ட மனிதரில்லை. "அது வழக்கமுங்க டீச்சர்..." என்று இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது. விடியக் காலையில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி, அந்த வீட்டை ஓட்டுவது யாராம்?

தேரர் என்னைப் பார்த்தார். "காரணம் என்னவாம்?"

உயிர்க்கொலை கூடாது என்று ஊருக்குப் போதிப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது? 'ஏதோ மரியாதைப் பிரச்சினை' என்று மழுப்பலாமா? ஆனால் அன்று காலையில்தான் உண்மை பேசுவதைப் பற்றி அரை மணி நேரம் சொல்லியிருந்தார். சொல்லியேவிட்டேன்.

"ஆட்டுக்கறி, ஹாமுதுருவனே."

பிறகு நோட்டில் பெயர் வெட்டிய கதையையும் சிங்களத்தில் சொல்லி முடித்தேன். தேரர் மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை எங்களை மூடச் சொல்லவில்லை. திறந்தபின் மெதுவாகச் சொன்னார். "பசித்தவர் இப்படிப் பேசமாட்டார். இந்த அம்மாவின் பெயரை எழுதினால் போதும்."

மாரிமுத்து தலையைச் சொறிந்தார். "பொம்பள பேரா? கமிட்டியில கேக்கணுமே..."

"அப்ப கிடாவையும் கமிட்டிகிட்டயே கேட்டு வாங்கிக்கங்க" என்றார் செல்வராணி.

கையெழுத்து விழுந்தது. ஒப்பந்தத்தில் 'கறி' என்ற சொல்லே கிடையாது. 'செல்வராணி, ஒரு தலைக்கட்டு. சகல உரிமையும் உண்டு.' நடுவழி என்று புத்தர் சொன்னது இதைத்தானோ? கல்யாணச் சாப்பாடுதான் போச்சு.

திருவிழா முடிந்த மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். மாரிமுத்து மைக்கில் பெயரை வாசித்தாராம். செல்வராணி புதுச் சேலை கட்டி, சட்டியில் பங்கை வாங்கி, லயத்து வாசல் ஒவ்வொன்றையும் மெதுவாகக் கடந்து வீட்டுக்குப் போனாராம்.

"கறி எப்படிம்மா?"

"நான் எங்க டீச்சர் திங்கிறது? எட்டு நாள் என் கையால புல்லு போட்டிருக்கேன். பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப எதுக்கு அவ்வளவு சண்டை?"

"பங்குக்குத்தான் டீச்சர். கறிக்கா?"

தேரருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி ஒன்று கேட்டார்:

"கிடா சொன்னதை மட்டும் அன்றைக்கு நீங்கள் மொழிபெயர்க்கவே இல்லையே, டீச்சர்?"