லகுகலை எருமையின் காதுக்குள் மைனா

காலை 5.30. சுபஹு தொழுத கையோடு மருதமுனையில் பஸ் ஏறினோம். நான், என் கணவர், மடியில் எட்டு மாத மகள். பொத்துவில் நாற்பது மைலுக்குச் சற்றுக் கூட. டிக்கெட் ஆளுக்கு ஆறு ரூபாய்.

பையில் சவூதியிலிருந்து வந்த மைத்துனரின் கமரா. நீண்ட லென்ஸ் உண்டு, ரோலில் பன்னிரண்டு படமே மிச்சம். நான் விஞ்ஞான ஆசிரியை. பாடசாலைக் கண்காட்சிக்காக, காட்டெருமையின் முதுகில் நின்று வெள்ளைக் கொக்கு உண்ணி கொத்துவதைப் பெரிதாக வரைந்திருந்தேன். நாற்பது பிள்ளைகளுக்கும் அப்படியே படிப்பித்துவிட்டேன். ஆனால் நான் அதைக் கண்டதில்லை. இரண்டு கிழமையாக இதுவே மனதை அரித்தது. சித்திரத்தின் கீழ் ஒட்ட ஒரு புகைப்படம் கிடைத்தால் போதும்.

8.45. பொத்துவிலில் கணவரின் அக்கா, எங்கள் ராத்தா வீட்டில் இடியப்பம் சாப்பிட்டோம்.

"என்னகா, கைப்புள்ளயத் தூக்கிட்டு யானைக் காட்டுக்குப் போறா?" என்றார் ராத்தா.

"பால் குடிக்கிற புள்ள ராத்தா, உட்டுட்டுப் போகேலா."

"எருமைக்குப் பேன் பாக்குற குருவியப் பாக்கவா? எனக்குப் பேன் பாக்க ஒருத்தரும் வாறல்ல!"

சிரித்தேன். ஆனால் நான் செய்வது சரிதானா என்ற கேள்வி, காட்டுக்குப் போக ஏறிய டிரக்டரின் பின்பெட்டியிலும் கூடவே வந்தது.

10.30. ஒன்பது மைல் குலுங்கி லகுகலைக் குளத்தை அடைந்தோம். டிரக்டர் ஓட்டி வந்தவர் கலீல் காக்கா (காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்), அப்பகுதியில் வயல் செய்பவர். குளம் முழுவதும் ஆளுயரப் புல். குளக்கட்டுக்குக் கீழே, ஐம்பது யார் தூரத்தில், பத்துப் பன்னிரண்டு காட்டெருமைகள். கொம்புகளின் அகலத்தைக் கண்டு மலைத்துப்போனேன். அவற்றைச் சுற்றிக் கொக்குகள், கழுவிக் காயவைத்த துணிபோல வெள்ளையாக!

இறங்கி, மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கமராவை அடுத்தடுத்து அழுத்தினேன். பத்துப் படம் போனது.

"டீச்சர், என்னத்த எடுக்கிறீங்க?" என்றார் கலீல் காக்கா.

"கொக்கு உண்ணி தின்னுறத்த."

"அது எங்க உண்ணி தின்னுது? மாடு நடக்கக்குள்ள புல்லுக்குள்ளால பாயுற வெட்டுக்கிளியத்தான் புடிக்குது. அதுட கண்ணப் பாருங்க."

பார்த்தேன். முதுகில் நின்ற கொக்கும் எருமையின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பாய்ந்தது, பிடித்தது, மீண்டும் ஏறி நின்றது. உண்ணியை அது திரும்பியும் பார்க்கவில்லை. முகம் சுட்டது.

"அப்ப ஆர் தின்னுற?"

"அந்தா, கழுத்தில."

இரண்டு மைனாக்கள். எருமையின் தோல் நிறத்தோடு கலந்து கிடந்ததால் நான் கவனிக்கவேயில்லை. ஒன்று தோல் மடிப்புக்குள் சொண்டை நுழைத்து, எதையோ பிடுங்கி விழுங்கியது. அவ்வளவு பெரிய மிருகம் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தது. சுபஹானல்லாஹ்! அழுத்தினேன். அதே கணம் மைனா பறந்தது. இன்னும் ஒரே படம்.

அப்போது மகள் வீரிட்டு அழுதாள். பெரிய எருமை தலையை உயர்த்தி எங்களையே பார்த்தது.

"ஏறுங்க டீச்சர், ஏறுங்க!" கலீல் காக்கா எஞ்சினை முடுக்கினார். கணவர் பிள்ளையுடன் பெட்டிக்குள் ஏறிவிட்டார். என் கால்கள் அவர்களிடம் ஓடத் துடித்தன. எருமையோ காதுகளை விரித்தபடி அசையாமல் நின்றது. பறந்த மைனா திரும்பி வந்து, அதன் காதின் ஓரத்தில் அமர்ந்து, தலையை உள்ளே விட்டது. அழுத்திவிட்டுத்தான் ஓடினேன். அந்தச் சில நொடிகளுக்காக நானே என்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

ஓடும் பெட்டியில் முந்தானைக்குள் மகள் பால் குடித்து அமைதியானாள். கணவர் மெல்லக் கேட்டார்: "இந்தப் படம் சரிவராட்டி? கொக்குப் படம் பத்து இரிக்கே. அதப் போட்டா ஆருக்குத் தெரியும்?"

"கலீல் காக்காவுக்குத் தெரியுமே."

முன்னாலிருந்து அவர் சத்தமாகச் சிரித்தார்.

எங்கள் முற்றத்தில் காயும் நெல்லைத் தின்ன வரும் மைனாக்களைத் தினமும் கல்லெறிந்து துரத்துகிறேன். அவற்றை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. படம் கழுவி வர ஒரு கிழமை ஆகும். மங்கலாகவும் வரலாம். எப்படி வந்தாலும், நான் படிப்பித்தது பிழை என்று நாற்பது பிள்ளைகளுக்கும் முதலில் சொல்லிவிட்டுத்தான் அதை ஒட்டுவேன்.