அரசரின் கிளியும் மாமாங்கத்தின் கட்டுரையும்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத் தமிழ்க் கலாமன்றத்தின் ஆண்டுமலரில் தாம் எழுதிய கட்டுரையொன்று ஒரு வரியும் வெட்டப்படாமல், தமது முழுப்பெயருடன் வெளிவரவேண்டும் என்பதே மாமாங்கத்தின் ஆசை. அது பெரிய ஆசையல்ல என்று அவர் கருதினார். மலராசிரியர் தேவராசா மாஸ்ரர் அப்படிக் கருதவில்லை.

முந்திய மலருக்கு அவர் நகரத்துத் தெருப் பெயர்களைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அச்சில் வந்தது ஐந்து வரி. ஒரு புடைவைக் கடை விளம்பரத்துக்கும் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் இடையில், ‘மா.’ என்ற ஒற்றை எழுத்தோடு அது ஒடுங்கிக் கிடந்தது. கேட்கப் போனவரிடம் மாஸ்ரர், “தெருப் பெயர் எல்லாருக்கும் தெரியும்தானே, மாமாங்கம்” என்றார். அந்தப் பக்கத்தை மாமாங்கம் பிரதியெடுத்துக் கோப்பில் போட்டார். மட்டக்களப்பிலிருந்து வந்த நாள்முதல் தம் பெயருக்கு வந்த ஒரு காகிதத்தையும் அவர் எறிந்ததில்லை. அரசாங்கம் கடிதங்களைக் கணினிக்கு அனுப்பத் தொடங்கியபோது, அவற்றையும் அச்சிட்டுத் துளையிட்டுக் கோத்தார். அவருடைய மனைவி விமலராணி துணி வைக்கும் அலுமாரியில் இரண்டு தட்டுகளை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.

மாஸ்ரரின் பதிலை அவர் பலநாள் ஆராய்ந்தார். எல்லாருக்கும் தெரிந்தது வெட்டப்படும் என்றால், ஒருவருக்கும் தெரியாதது வெட்டப்படாது. கலாமன்றத்தில் ஒருவருக்கும் தெரியாதது எது? விடை அவர் வேலைசெய்த முதியோர் இல்லத்துச் சமையலறைக்குள், தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. பராமரிப்பு வேலைக்கு வந்திருந்த பிலிப்பீன்ஸ்காரி மரிவிக், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவரிடம் தன் நாட்டு விடுகதை ஒன்றைப் போட்டாள். அவர் அவிழ்க்கவில்லை, கையைத் துடைத்துவிட்டு, “இதுக்கு உங்கட நாட்டில ஒரு பேர் இருக்குமே?” என்று டேனிஷில் கேட்டார்.

“புக்தோங்” என்றாள் அவள்.

பிலிப்பினோ இலக்கிய வடிவங்கள்: ஓர் அறிமுகம். தலைப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

நூலகத்தில் இரவல் எடுத்தும், இடைவேளையில் மரிவிக்கைக் கேட்டும் அவர் தாமே கற்றார். புக்தோங் எதுகையோடு வரும் விடுகதை. சலாவிகாயின் என்பது பழமொழி, புத்தி சொல்வது. அலாமத் ஒரு மலையோ பழமோ ஏன் அப்படி ஆனது என்று சொல்லும் பழங்கதை. கோரிடோ, அவித் இரண்டும் அரசகுமாரர்களைப் பற்றிய நெடும்பாட்டுக் கதைகள். உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை என்ற கணக்கில் முன்னதற்கு அடிக்கு எட்டு அசை, பின்னதற்குப் பன்னிரண்டு. தனாகா நான்கே அடி, அடிக்கு ஏழு அசை. இந்தத் தனாகாவில் அவர் மனத்தைப் பறிகொடுத்தார். வேலைக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கிய ஒரு காலையில் தமிழிலேயே ஒன்று கட்டினார்:

பேருந்து பிந்தியது
மழை மட்டும் வந்தது
குடை வீட்டில் காய்ந்தது
குற்றம் என்மேல் நின்றது

“கடைசி வரியை நீங்க எழுதாட்டித்தான் அதிசயம்” என்றாள் விமலராணி.

எஞ்சியது டூப்லோ. சாவு வீட்டில், பிரார்த்தனை முடிந்தபின் ஆடப்படும் செய்யுள் வாதம் அது. நூல் சொன்னபடி அவர் குறித்துக்கொண்டார்: ஆண்களும் பெண்களும் எதிரெதிரே இரு வரிசையில் அமர்வர், நடுவில் இருக்கும் அரசர் தம்முடைய, உண்மையில் இல்லாத ஒரு கிளி களவுபோனதாக ஒருவர்மேல் பழிபோட, பழி விழுந்தவர் செய்யுளிலேயே வாதாடித் தப்பவேண்டும். ஆனால், கண்ணால் காணாததை எழுதுவது முறையா? மாஸ்ரர் ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்டால்?

அந்த மாதமே பிலிப்பீன்ஸில் மரிவிக்கின் சின்னம்மா காலமானார். ஒன்பதாம் நாள் பிரார்த்தனை ரண்டர்ஸ் தேவாலய மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் நடக்கும் என்றும், சின்னம்மா பெரிய டூப்லோக்காரி என்பதால் அவர் நினைவாக அதையும் ஆடுவார்கள் என்றும் சொல்லி, மரிவிக் மாமாங்கத்தை அழைத்தாள். மாமாங்கம் துக்கத்துக்குரிய முகத்தோடும் கட்டுரைக்குரிய கோப்போடும் போனார்.

மண்டபத்தில் இடம் குறைவு. ஒரு கதிரையில் பறவை இல்லாத கம்பிக்கூடு ஒன்று இருந்தது. அவர் அதை எடுத்து யன்னலடியில் வைத்துவிட்டு அமர்ந்தார். பிரார்த்தனை முடிந்தது, நூடில்ஸும் கோப்பியும் வந்தன. கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை இரண்டாகப் பிரியட்டும் என்று மாமாங்கம் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது எதிரே இருந்த தெல்பின் என்பவர் எழுந்தார். காற்றாலைத் தொழிற்சாலையில் வெல்டிங் செய்பவர். உதைபந்தாட்டச் சட்டை போட்டிருந்தார். வாயைத் துடைத்துவிட்டுத் தெளிவான டேனிஷில் சொன்னார்:

“என்ர கிளியைக் காணேல்லை. அந்தக் கோப்பு வச்சிருக்கிற ஐயாதான் கூட்டைத் தூக்கினவர். நான் கண்டனான்.”

எல்லாக் கண்களும் மாமாங்கத்தின்மேல் திரும்பின.

மாமாங்கம் ஒழுங்காகவே சிந்தித்தார். குறிப்பின்படி டூப்லோவில் இரு வரிசை வேண்டும், இங்கே வட்டம். செய்யுள் வேண்டும், இது உரைநடை. அவர்களுடைய மொழி வேண்டும்; இது டேனிஷ். கிளி இல்லாததாக இருக்கவேண்டும். இங்கே கூடே இருக்கிறது. ஆகவே இது டூப்லோ அல்ல, மெய்யான களவு. துக்க வீட்டில், விருந்தாளியாக வந்த இடத்தில், தம்மேல் கள்ளன் என்ற பெயர்.

அவர் எழுந்து கோப்பைத் திறந்தார். கட்டுரைக் குறிப்புகளுக்குப் பின்னால், எங்கே போனாலும் அவர் கூடவே கொண்டுபோகும் பத்திரங்கள் இருந்தன.

“முதலாவது, நான் வந்த பஸ்ஸின்ர ரிக்கற் இது. எல்லாருக்கும் கடைசியாத்தான் வந்தனான். இரண்டாவது, கூட்டை எடுத்தது உண்மை, மறைக்கேல்லை, அது வெறுங்கூடு. மூன்றாவது, இது பொலிஸ் சான்றிதழ்: என்ர பேரில எந்தக் குற்றப் பதிவும் இல்லை. நான்காவது, இது என்ர வாடகை ஒப்பந்தம். பதினோராம் பிரிவை வாசிக்கிறன். குடியிருப்பாளர் நாய், பூனை, பறவை எதையும் வளர்க்கப்படாது. களவெடுத்தாலும் நான் அந்தக் கிளியை எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

வாடகை ஒப்பந்தம் கையிலிருந்து கைக்குப் போயிற்று. ஒருவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பதினோராம் பிரிவைச் சரிபார்த்துத் தலையசைத்தார்.

வட்டத்திலிருந்த மூதாட்டி ஒருத்தி, “நல்லவன் வெறுங்கையோட வருவான். கள்ளன்தான் கடதாசியோட வருவான்” என்றாள்.

அதோடு டேனிஷ் அவரைக் கைவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளாகக் கோப்புகளில் கிடந்ததெல்லாம் தமிழில் புறப்பட்டது. “கேளுங்க தாயே. கிளி களவெடுக்க வந்தவன் நானில்ல, கேட்டு எழுத வந்தவன். கூட்ட எடுத்தவன் கள்ளனெண்டா, கூட்டம் கூட்டினவர் ஆர்? கதவு திறந்து வச்சது ஆர்? கடைசியாத் திண்ட தட்ட எடுத்தது ஆர்? வெட்டுறவன் வெட்டினாலும் வெளியில சொல்லாம இருந்தன் நான்; இண்டைக்குச் சொல்லுவன்...” மூச்சு முட்டியபோதுதான் கவனித்தார்: வட்டமாக இருந்தவர்கள் அவருடைய வரிகளுக்குக் கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தெல்பின் இரு கைகளையும் உயர்த்தினார். “கிளி திரும்பி வந்திட்டுது. பழிபோட்டது நான், தண்டனையும் எனக்குத்தான்” என்று சொல்லி முழங்காலில் நின்று, இறந்த சின்னம்மாவின் ஆன்மாவுக்காக நீண்ட செபமொன்றைச் சொல்லத் தொடங்கினார். டூப்லோவில் தோற்றவருக்கு அதுதான் தண்டனை.

மரிவிக் கண்களைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தாள். அழுததா சிரித்ததா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. “உங்களுக்கு எங்கட பாஷை விளங்காதெண்டுதான் மரியாதைக்கு டேனிஷில கேட்டவர். சின்னம்மா இருந்திருந்தா உங்களை வெல்ல விட்டிருக்கமாட்டா.”

மாமாங்கம் கதிரையில் அமர்ந்தார். வெட்கம் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு பேனையை எடுத்தார்.

“ஆட்டம் எந்த இடத்தில தொடங்கினது?”

“நீங்க கூட்டைத் தூக்கின இடத்திலை.”

கட்டுரை பதினொரு பக்கம் வந்தது. டூப்லோவுக்கு மட்டும் நான்கு பக்கம். பயணச்சீட்டு, சான்றிதழ், ஒப்பந்தம் மூன்றும் பின்னிணைப்பு. இரு பிரதி எடுத்து, ஒன்றைத் தேவராசா மாஸ்ரரின் கையிலேயே கொடுத்தார்.

மறு வாரம் மாஸ்ரர் தொலைபேசியில் அழைத்தார். “மாமாங்கம், வாசிச்சனான். வீட்டில சத்தமா வாசிச்சுக் காட்டினனான். மனிசி சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப் போனா. சிறுகதைப் பகுதியில முதலாவதாப் போடுறம்.”

“மாஸ்ரர், அது கட்டுரை.”

“கட்டுரையோ? கிளிக்கு வாடகை ஒப்பந்தம் காட்டினது கட்டுரையோ?”

“காட்டினது உண்மை. பின்னிணைப்பைப் பாருங்க.”

மறுமுனையில் மாஸ்ரர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. “இஞ்சை பாருங்கோ. கட்டுரைக்கு இரண்டு பக்கம். அது நிர்வாகசபைத் தீர்மானம். கதைக்கு அளவில்லை. கதையை வெட்டினா எழுதினவை சண்டைக்கு வருவினம்.”

“கட்டுரை எழுதினவை வரமாட்டினமோ?”

“நீங்கள் ஒராள்தான் வந்தனீங்கள். சொல்லுங்கோ, கட்டுரையாப் போட்டா ஒன்பது பக்கம் வெட்டவேணும். எதை வெட்டட்டும்?”

மாமாங்கம் தம் பிரதியை மேசையில் விரித்தார். புக்தோங்கை வெட்டினால் தொடக்கம் இல்லை. அலாமத்தை வெட்ட மனமில்லை. கோரிடோவை விட்டு அவித்தை மட்டும் வைத்தால் வேறுபாடு விளங்காது. தனாகாவோ அவருடைய சொந்தக் குழந்தை. டூப்லோவை எடுத்துவிட்டால், தெல்பின் முழங்காலில் நின்றது யாருக்குத் தெரியும்?

கறி கிளறிக்கொண்டிருந்த விமலராணி திரும்பாமலே, “இஞ்ச பாருங்க, முழுசா வரவேணுமெண்டுதானே இவ்வளவு நாளும் என்ட அலுமாரிய அடைச்சு வச்சிருந்த நீங்க?” என்றாள்.

“முழுப்பெயர் வருமோ, மாஸ்ரர்?” என்று கேட்டார் மாமாங்கம்.

“படமும் வரும்.”

“அப்ப கதையாவே இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை. மற்றக் கதையளுக்குக் கீழ ‘யாவும் கற்பனை’ எண்டு போடுவீங்கதானே. எனக்கு அது வேணாம், நான் தாற வரியைப் போடுங்க.”

மலர் தைப்பொங்கலுக்கு வெளிவந்தது. பதினொரு பக்கமும் இருந்தன. ஓர் அசையும் குறையவில்லை. சலாவிகாயினுக்கும் சலங்கைக்கும் வேறுபாடு தெரியாதவர்களெல்லாம் அதைச் சிரித்துச் சிரித்து வாசித்து, இலக்கிய வடிவங்கள் ஏழையும் தம்மை அறியாமலே கற்று முடித்தார்கள். எல்லாருக்கும் அதிகம் பிடித்தது, அவர் கேட்டு வாங்கிய கடைசி வரி: ‘யாவும் உண்மை. ஆதாரங்கள் கோரினால் காட்டப்படும்.’

இதுவரை ஒருவரும் கோரவில்லை. கோப்பு அலுமாரியின் மேல்தட்டில், கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது.