கடல் வற்றிய காலையில் ஒருத்தியும் இறங்கவில்லை

மூன்று வருஷத்துக்கு முன், இராமேஸ்வரம் தீவில் ஒரு கடற்கரை ஊரில் நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோது நடந்தது இது. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரி. கடலென்றால் பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்ப்பதோடு சரி. கோபம் மட்டும் எனக்குக் கொஞ்சம் தாராளம்.

அந்த ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் கடலுக்குள் மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைப்பவர்கள். அவர்களுக்காகக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் வந்தவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். பரிசோதிக்க வந்த டாக்டரம்மா முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதிலும் ஒருத்தி மேல் எனக்குத் தனி ஆத்திரம். நாற்பது வயதிருக்கும். அடிவயிறு வலிக்கிறதென்று இரண்டு தடவை என்னிடம் மாத்திரை வாங்கியவள். முகாமுக்கு வா என்று படித்துப் படித்துச் சொல்லியும் அவள் வரவில்லை.

மூன்றாவது முகாம் முடிந்த மறுநாள் மத்தியானமே கரைக்குப் போய்விட்டேன். பெண்கள் வள்ளத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தது. அவர்கள் சங்கத் தலைவியைப் பிடித்து, உங்கள் உடம்பு மேல் உங்களுக்கே அக்கறை இல்லையா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் பாசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“மாசத்துல பன்னெண்டு நாளுதான் நாங்க கடல்ல எறங்குறது நர்சம்மா. அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு. பாசி திரும்ப வளரணும்னு நாங்களே வச்சுக்கிட்ட கட்டு. மத்த நாளெல்லாம் வீட்டுலதான் கெடக்கோம். நீங்க மூணு தடவையும் எறங்குற நாளாப் பாத்து வச்சீக. என்னைக்கு வைக்கட்டும்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?”

பிறகு என்னைத் தனியே கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். “அவளுக்கு ரத்தப்போக்கு நிக்க மாட்டேங்குது. வீட்டுல சொல்லல. தண்ணிக்குள்ள நின்னா யாருக்கும் தெரியாதுன்னு நிக்கிறா.”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மாத்திரை கொடுத்த நான் அவளிடம் வேறெதுவும் விசாரிக்கவே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவள் வீட்டுக்கு ஓடினேன். தனியாகப் போனால் ஊர் என்ன பேசுமோ என்று அவள் மறுத்துவிட்டாள். எல்லாரும் பரிசோதனை பண்ணிக்கொண்டால் நானும் பண்ணிக்கொள்கிறேன் என்றாள்.

சரி, கடலில் இறங்காத நாளாகப் பார்த்து வைப்போம் என்றால், டாக்டரம்மா அந்த மாதக் கடைசியில் நீண்ட விடுப்பில் போகிறார். அதற்குள் அவரால் வர முடிந்தது ஒரே ஒரு நாள். அது அமாவாசை ஆறு நாளுக்குள் சரியாக நடுவில் விழுந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தலைவியிடம் போய்ச் சொன்னேன். பெண்கள் மணலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சத்தமாக வாதம் பண்ணினார்கள். கடைசியில் தலைவி எழுந்து வந்தார்.

“ஒரு வள்ளம் போனாலும் அவ அதுல ஏறிருவா. அன்னைக்கு ஒருத்தியும் எறங்கல. நீங்க டாக்டரம்மாவக் கூட்டிட்டு வாங்க.”

தலையாட்டினேனே தவிர, நான் நம்பவில்லை. மழை பெய்த மறுநாள் விதைக்காதே என்றால் எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்?

அந்தக் காலையில் கடல் வெகுதூரம் வற்றிக் கிடந்தது. பாறைகளில் பாசி கரையிலிருந்தே தெரிந்தது. தண்ணீரில் ஒரு தலை இல்லை. வள்ளங்கள் அத்தனையும் மணலில் கிடந்தன. மாதா கோயில் ஹாலுக்குப் போனால், தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு ஊர்ப் பெண்கள் மொத்தமும் வரிசையில் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் அவர்களே பெயர் எழுதியிருந்தார்கள். என் பதிவேட்டில் இல்லாத பெயர்கள்கூட அதில் இருந்தன. பரிசோதிக்கும் இடத்தைச் சுற்றி அவர்களே சேலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள்.

அவளை மட்டும் தேடினேன். வரிசையின் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். முதலில் போனாலும் கடைசியில் போனாலும் யார் கண்ணாவது அவள் மேல் தனியாக விழுமாம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன், இப்படி ஒரு யோசனையை எங்கேயும் கேட்டதில்லை.

அவளுக்குப் புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை. மதுரையில் சிகிச்சை நடந்த நாளெல்லாம் அவர்களே முறை வைத்துக்கொண்டு துணைக்குப் போனார்கள். இன்று அவள் மறுபடி கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறாள்.

அந்த முகாமுக்காக அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள். இப்போதும் யாராவது அதை என் சாதனை என்று சொன்னால் எனக்குக் கூசுகிறது. அவளைக் காப்பாற்றியது அன்று கரையிலேயே நின்றுவிட்ட அந்தப் பெண்கள், நான் அவர்கள் பின்னால் போனவள் மட்டும்தான்.