பெட்டிக்கு வெளியே நின்ற மோதல்

மமதா ரயிலில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக்கூடியவள். மாரிக்குப்பத்தில் பெங்களூர் போகும் காலை வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், பங்காருபேட்டை வருவதற்குள் அவளுக்குள் கோடுகள் நீந்த ஆரம்பித்துவிடும். நீலம், பச்சை, எப்போதாவது சிவப்பு. எல்லாம் ஒரே புள்ளியில் கிளம்பி வளைந்து வளைந்து போகும். எதிர் சீட்டில் ரம்மி ஆட்டம் சூடு பிடித்திருக்கும். அவளுக்கு எதுவும் காதில் ஏறாது.

அந்தக் கோடுகள்தான் அவளுக்குச் சோறு போடுகின்றன. எங்கோ அயல்நாட்டில் பூமிக்கடியில் ஒரு பெரிய வளையம். அதில் புரோட்டான்கள் எதிரும் புதிருமாக ஓடிவந்து மோதுகின்றன; சிதறும் துகள்களின் தடங்கள்தான் அந்தக் கோடுகள். கணக்கில் அடங்காத மோதல்கள், முக்கால்வாசி குப்பை. எது வேண்டும், எது வேண்டாம் என்று விதி எழுதிப் பொறுக்குகிற குழு ஒன்று பெங்களூரில் இருக்கிறது. மமதாவுக்கு அதில் ஒப்பந்த வேலை. தங்கச் சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராஜத்துக்கு இதை ஒருமுறை விளக்கப்போய் நன்றாக மாட்டிக்கொண்டாள்.

"பூமிக்குள்ளயா? எந்த லெவல்?" என்றாள் ராஜம்.

"நூறு மீட்டர் இருக்கும்க்கா."

"ஐய, அதுக்குப் பேரு ஷாஃப்டா? கெணறுன்னு சொல்லு."

மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை சுரங்கம் தோண்டிய ஊர், தங்கவயல்காரியிடம் ஆழத்தைப் பற்றிப் பேசப்போனால் இதுதான் கிடைக்கும்.

குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவர்கள் தேடும் அபூர்வ மோதல்கள் விழக்கூடிய இடத்தைப் பெட்டி என்பார்கள். எல்லா விதிகளையும் முடிவு செய்யும்வரை அந்தப் பெட்டியை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டு விதி எழுதினால், மனசு தனக்குப் பிடித்ததை உள்ளே இழுத்துவிடும் அல்லவா?

மமதாவிடம் சொந்தமாக ஒரு விதி ஊறிக்கொண்டிருந்தது. தேடுகிற துகளின் கோட்டைச் சுற்றி வேறு கோடுகளின் கூட்டம் இருந்தால் பழைய விதி அந்த மோதலைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதி, அதே கணத்தில் பக்கத்தில் நடந்த வேறு மோதல்களின் தூசி. அடுத்த வீட்டுக் குப்பைக்கு இந்த வீட்டுக்காரிக்கு அபராதமா? தூசியைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவள் யோசனை. குழு ஒப்புக்கொண்டால், அவள் பெயரில் நிற்கப்போகும் முதல் விதி. அந்த ஆசையில்தான் அவள் தினமும் அந்த ரயிலில் ஏறினாள்.

ரயிலிலேயே மடிக்கணினியில் விதியைச் சோதித்துப் பார்ப்பாள்; டேக்கல் ஸ்டேஷன் தாண்டினால் சிக்னல் போய்விடும். பெட்டியின் பூட்டு பெங்களூர் கணினியில் இருந்தது. சிக்னல் இல்லாவிட்டால் புரோகிராம் பூட்டைத் தேடிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அல்லாடி அல்லாடிப் பார்த்து, பூட்டைத் தேடும் அந்த ஒரு வரியைக் கழற்றிவைத்தாள், சோதனைக்காக உண்டாக்கிய போலி மோதல்களை ஓட்டத்தானே என்று. ரயிலில் போய்க்கொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் வருகிற புத்தி இது. திரும்ப மாட்ட மறந்தாள். ஒரு காலை, அரைத்தூக்கத்தில், நிஜ மோதல்களைத் தன் விதியில் ஓடவிட்டாள்; பூட்டு இல்லாத பெட்டி திறந்துகொண்டது.

திரையில் ஒன்றே ஒன்று வந்து நின்றது. இரண்டு சிவப்புக் கோடுகள் எதிரெதிராக, அலட்டிக்கொள்ளாமல் கிளம்பிப் போயின. அவ்வளவு அழகு. பழைய விதி அதை மயிரிழையில் வெளியே தள்ளியிருந்தது. அவள் விதி வந்தால் உள்ளே வந்துவிடும்.

சில நாள் அவள் மிதந்தாள். அரிசி களைகிற தண்ணீரில்கூட அந்தச் சிவப்பு ஓடியது. "இன்னா, தனியா சிரிக்கற?" என்றான் கணவன் பரத். அவனிடம் மட்டும் சொன்னாள். பிறகு விதியை எழுத உட்கார்ந்தாள். தூசியை எவ்வளவு கழிப்பது? கை தானாக ஓர் எண்ணை எழுதியது. அந்த மோதல் உள்ளே வர எவ்வளவு வேண்டுமோ, சரியாக அவ்வளவு. பார்த்ததும் மடிக்கணினியை மூடிவைத்தாள்.

குழுத் தலைவி ஐடாவும் தங்கவயல்தான், ராபர்ட்சன்பேட்டைக்காரி. கதவைச் சாத்திவிட்டு மமதா எல்லாவற்றையும் சொன்னாள்.

"யோசனை, பாக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள் ஐடா.

"யோசனை முன்னாடி மேடம். எவ்ளோ கழிக்கணும்ன்ற நம்பரு... பின்னாடி."

ஐடா சொன்னாள்: "சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமா மேடம்."

"இந்தத் தடவை பழைய விதியே இருக்கட்டும். உன்னுது அடுத்து வர்ற மோதலுங்களுக்கு."

அதாவது, அந்த ஒன்று என்றைக்கும் உள்ளே வராது. மமதா கழிவறைக்குப் போய் அழுதாள். நியாயம் என்று தெரிந்தாலும் வலிக்கத்தான் செய்தது.

பெட்டி திறந்த நாளில் எல்லோரும் திரை முன்னால் நின்றார்கள். காலி. இவ்வளவு தேடியும் இல்லை என்பதும் அவர்கள் தொழிலில் ஒரு விடைதான்; அறை முழுக்கக் கைதட்டல்.

சாயங்காலம் பரத் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். ஸ்கூட்டர், சுரங்கத்தின் பழைய கழிவு குவிந்த சைனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு போனது. அவன் முதுகில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள். சிவப்புக் கோடுகள் இரண்டும் எதிரெதிராகப் போய்க்கொண்டே இருந்தன. அது அபூர்வமா, வெறும் தூசியா என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை.

"பெட்டியில இன்னா இருந்துச்சி?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. காலி."

"நீ பாத்தது?"

"வெளிய இருக்குது." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்."