அவர் அழுவதற்கு ஒரு போட்டோ

எங்கள் பக்கத்தில் அந்த நடிகரை யாரும் நடிகர் என்று சொல்வதில்லை. 'நம்ம பய' என்பார்கள். கீழக்குயில்குடிப் பக்கம் காடுகரை வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. காலேஜில் சேரப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மெட்ராசுக்கு ரயிலேறியவர். கூட்டத்தில் ஒருவராக நின்று, அடிவாங்கிச் சிரிக்க வைக்கும் வேடங்களில் வந்து, கதாநாயகனாகி, கடைசியில் தன் படங்களைத் தானே இயக்கவும் தொடங்கிவிட்டார். அவருடைய அப்பா மட்டும் அவரோடு பேசவே இல்லை. பேசாமலே போயும் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு மகன் ஏதோ வெளிநாட்டில் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தாராம். எரித்த பிறகுதான் வர முடிந்தது. இதையெல்லாம் டீக்கடையில் சொந்தச் சித்தப்பன் கதை போலச் சொல்லுவார்கள்.

அதற்குப் பிறகு அவர் இயக்கிய எல்லாப் படங்களிலும், மாலை போட்ட அப்பா போட்டோ முன்னால் மகன் நின்று அழும் காட்சி ஒன்று இருக்கும். கிளிசரின் போடமாட்டார். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. போட்டோவில் இருப்பவர் நிசமாகவே அந்த வீட்டில் வாழ்ந்து இறந்தவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு அழுகை வராது.

திருநகரில் எங்கள் வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்டு வந்தபோது நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா துபாயில் இருந்தார். முதலில் வாரத்துக்கு ஒரு போன் வந்தது. பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரு முழுக்கத் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்பா வேண்டும், அவ்வளவுதான். போன் மணி அடித்தால் சோற்றுக் கையோடு ஓடுவேன்.

"தவறிப்போனவங்க போட்டோ ஏதாச்சும் இருக்காக்கா?" என்று உதவி இயக்குநர் அம்மாவிடம் கேட்டார். கூடத்துச் சுவரிலேயே தாத்தா தொங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரைத் தாண்டிப் போய், பீரோவைத் திறந்து அப்பாவின் போட்டோவை எடுத்துவந்தாள்.

"இவரைப் போட்டுக்கங்க தம்பி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா சினிமாவில் வரப்போகிறார்!

மாலையும் பொட்டுமாக அப்பாவைச் சுவரில் மாட்டிய சேதி கேட்டு, அடுத்த தெருவிலிருந்து அப்பாவின் அக்கா ஓடிவந்தாள்.

"ஏண்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? உசுரோட இருக்கவனுக்கு மாலை போடுவாகளா?"

"படத்துக்குத்தான மதினி" என்றாள் அம்மா.

அத்தை மேற்கொண்டு ஆரம்பிப்பதற்குள் நடிகர் உள்ளே வந்துவிட்டார். அத்தைக்கு வாய் தானாக மூடிக்கொண்டது. அவர் போட்டோவைக் கும்பிட்டுவிட்டு, "எப்பம்மா தவறுனாரு?" என்று கேட்டார்.

"ஆச்சுண்ணே. வருசமாச்சு."

அவர் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். வழக்கமான குங்குமம் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்காமல் விட்டுவிட்டார். நானும் மூச்சுவிடவில்லை. உண்மை தெரிந்தால் அப்பாவைக் கழற்றிவிட்டுத் தாத்தாவை மாட்டிவிடுவார்களே!

கேமரா ஓடியது. "ஒரு வார்த்தை பேசுங்கப்பா, வையவாச்சும் செய்யிங்கப்பா" என்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அவர் அழுதார். எழுதிக் கொடுத்த வசனம் வேறாம். சண்டைக்கு வந்த அத்தை முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். எனக்கு அவர்மேல் பொறாமை பொங்கியது. அதே மாதிரி என் அப்பாவைப் பார்த்து நானும் கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா மட்டும் அழவில்லை.

படம் வெளியானதும் என்னைத் தியேட்டருக்கு அழைத்துப் போனாள். திரை முழுக்க அப்பாவின் முகம் வந்தபோது நான் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டேன்.

"துபாய்லயும் இந்தப் படம் ஓடுமாம்மா?"

"ஓடும்."

"அப்பா பாப்பாரா?"

"பாக்கட்டும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். தன் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்தால் அப்பா அடுத்த விமானத்திலேயே கிளம்பிவிடுவார். அம்மாவுக்கும் அதே ஆசைதான் என்று நினைத்து, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.