பேரை வெட்டிக்கொண்ட வேலாயி

ஐம்பதுகளில், இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலாயி சுடும் ரொட்டிக்குத் தனி மவுசு. புருஷன் செத்தபின் வயிற்றுப்பாட்டுக்காக ஆரம்பித்தவள். விடியலில் ரொட்டியும் சம்பலும் விற்றுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க ஓடுவாள். பிறகு கடைவீதி அலியார் நானா தம் தேத்தண்ணிக் கடைக்கும் தினமும் வேண்டுமென்றார். இரண்டு கை போதவில்லை.

அப்போதுதான் கணக்கப்பிள்ளை பொன்னையாவுக்கு அவள்மேல் அக்கறை பிறந்தது. தினம் இரண்டு ரொட்டி ஓசியில் தின்கிற வாய், அக்கறைக்கா பஞ்சம்? கொழுந்தை விட்டுவிடு, வியாபாரத்தைப் பெருக்கு, நம் சனத்தில் ஒருத்தியாவது முன்னுக்கு வரட்டும் என்று ஓதிக்கொண்டே இருந்தார். வேலாயிக்கு ஆசைதான். பயமும் இருந்தது. வேலையாட்களின் பேரேடான செக்ரோலில் பேர் இருக்கிறவரைக்கும்தான் லயத்து வரிசையில் குடியிருக்க ஒரு காம்பரா. பேர் போனால் கூரையும் போகும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"காம்பராவப் பத்தி நீ ஏன் கவலப்படுறே? தொரைகிட்ட நான் பேசிட்டேன்" என்றார் பொன்னையா.

இருவரின் அப்பன்மாரும் ஒரே ஊரிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள். நம்பிவிட்டாள். மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும், தன் வாயாலேயே பேரை வெட்டச் சொன்னாள் பாவி மகள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கூட நின்ற பெண்களோ அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

காம்பராவுக்குப் பின்னால் தகரம் இறக்கி, பெரிய அடுப்பாகப் போட்டாள். வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் ரொட்டி போனது. அதற்காகத்தான் பொன்னையா காத்திருந்தார் போலும். ஒரு காலையில், தொரைக்கு அடுத்த அதிகாரியான கண்டாக்கு ஐயா ஆட்களோடு வந்து, வேலையில் இல்லாதவளுக்குக் காம்பரா கிடையாது என்று சட்டிபானையை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்.

வேலாயி ஓடிப்போய்ப் பொன்னையாவின் காலில் விழுந்தாள். மறுபடி பேரைப் பதியச் சொல்லி அழுதாள். புதுப்பேர் எடுப்பதில்லை என்று அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"நீயாத்தானே வெட்டச் சொன்னே? தோட்டமே கேட்டுச்சே."

அதே வாரம் அவருடைய மச்சினி வீரம்மாவுக்குப் புதுப்பேர் விழுந்தது. காம்பராவும் அவளுக்கே, அடுப்பும் அவளுக்கே. ஆனால் வீரம்மாவுக்கு ரொட்டி தட்ட வராது. அதற்குக் கூலிக்கு வேலாயியையே வைத்துக்கொண்டார்கள். அலியார் நானாவுக்கு நேரத்துக்கு ரொட்டி வந்தால் சரி. யார் அடுப்பு என்று அவர் கேட்கவில்லை.

ஒருநாள் புதிதாக வந்த கிளாக்கரைக் கூட்டிக்கொண்டு பொன்னையா வந்தார். வழக்கம்போல ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார்.

"இவளைக் கைதூக்கி விட்டதே நான்தாங்க. இல்லையா வேலாயி?"

இரவில் மாட்டுப்பட்டி ஓரத்தில் முடங்க அவளுக்கு இடம் பார்த்துக் கொடுத்திருந்ததும் அவர்தான்.

"ஆமாங்கய்யா" என்றாள் வேலாயி.