அட்ராக்டாவின் பதினெட்டு வேகன்கள்

அயர்லாந்தின் டூவம் நகரத்தில் பாதிப் பேர் அட்ராக்டா மல்ஹெர்ன் செய்த பல்லால்தான் ரொட்டி மென்றார்கள். பல் மருத்துவர் ஒருவரின் பின்னறையில் இருபத்தெட்டு வருடம் அச்சு வார்த்துப் பொய்ப்பல் கட்டியவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "அத்தனை ஆம்பளைங்க வாயையும் திறந்து பாத்துட்டேன். அதுக்கப்புறம் எங்கேருந்து ஆசை வரும்?" என்பாள்.

அந்த விரல்கள்தான் ரயில் வேகன் செய்யவும் உதவின. டூவம் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றிவந்த வேகன்களை உள்ளங்கை அளவுக்குச் செய்தாள். ரயில்வேக்காரர்கள் அந்நாளில் ஒரு நெளிதகட்டுப் பெட்டியின் தலையில் இன்னொன்றை ஏற்றிப் பற்றவைத்திருந்தார்கள். அட்ராக்டாவும் அப்படியே இரட்டைப் பெட்டியாக வார்த்தாள். துருவுக்குக் காவி நிறச் சுண்ணக்கட்டிப் பொடி, கிழங்குக் குவியலுக்குச் சேற்று நிறம் பூசிய தினை. பதினோரு குளிர்காலத்தில் பதினெட்டு வேகன்கள்.

அவற்றை, ஊரில் சிறு மாதிரி ரயில்கள் செய்வோர் சங்கத்தின் மேஜையில் ஓடவிட்டாள். அங்கேதான் அவள் நெஞ்சில் தீ விழுந்தது.

சங்கத் தலைவர் ஃபெர்கல் க்வர்க், வீடு நிலங்களை ஏலம் விடுகிறவர். ஒழுகும் கூரையையும் 'நட்சத்திரம் பார்க்க வசதி' என்று சொல்லி விற்றுவிடும் நாக்கு. போன அக்டோபரில் அட்ராக்டா நிமோனியாவில் படுத்துவிட்டாள். சங்கம் அவள் வேகன்களோடு டப்ளின் கண்காட்சிக்குப் போனது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பத்திரிகையைப் புரட்டியபோது படத்தில் க்வர்க் வெள்ளிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அச்சில்: 'பீட் ரயிலின் ஒவ்வொரு சக்கரத்தையும் தன் கையால் கோத்த ஃபெர்கல் க்வர்க்.'

அந்தச் சிரிப்பில் தெரிந்த மேல்வரிசைப் பல்லும் அவள் செய்ததுதான்.

உடம்பு தேறியதும் நேரே அவரிடம் போய்க் கேட்டாள்.

"அட, சங்கத்து ரயில்தானே அட்ராக்டா! உன் பேரு, என் பேருன்னு பிரிச்சுப் பேசலாமா? நீ போடற டீ மாதிரி உலகத்துலயே கிடையாது. அதைப் பத்தியும் அங்க நாலு வார்த்தை சொன்னேன்."

அட்ராக்டா வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அழுது முடித்ததும் முகம் கழுவினாள். அதற்குப் பிறகு அவள் அழவேயில்லை. ஒரு வருடம் சங்கத்தில் புன்னகையோடு டீ போட்டாள்.

அடுத்த கண்காட்சி ஆத்லோன் ஊரில். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, எண்ணெய் விடுகிற சாக்கில் சங்க அறையில் தனியாக உட்கார்ந்து, ஆறு வேகன்களின் சக்கரங்களை மயிரிழை அளவு உள்ளே தள்ளினாள். நேர்ப்பாதையில் ஒரு குறையும் தெரியாது. பாதை பிரியும் இடத்தில் ஏறிக் குதிக்கும். தன் குழந்தையின் காலைத் தானே முடமாக்குவது போலிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை. நடுவர் கானிஸ் டூஹி, கார்க் நகரத்துக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மேஜை முன் நின்றார். பின்னால் நூறு தலைகள். பீட் ரயில் புறப்பட்டது; பிரியும் பாதையில் மூன்றாவது வேகன் ஏறிக் கவிழ்ந்து, இரண்டை இழுத்துக்கொண்டு சாய்ந்தது. தினை சிதறியது.

"பீட் விலை இறங்கிடுச்சுன்னு கேள்விப்பட்டு மயங்கி விழுந்திருக்கும்!" என்றார் க்வர்க். கூட்டம் சிரித்தது.

மறுபடி ஓடவிட்டார். மறுபடி கவிழ்ந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"சக்கர இடைவெளி போயிருக்கு. சரிபண்ணுங்க ஃபெர்கல், அவசரமில்லை" என்றார் கானிஸ்.

க்வர்க் கருவிப் பெட்டியைத் துழாவினார். அளவு பார்க்கும் பித்தளைக் கட்டைகள் அதில் இரண்டு கிடந்தன. ஒன்றை எடுத்துச் சக்கரங்களுக்கு நடுவே வைத்து இறுக்கி அழுத்தினார். "இப்ப குதிரை மாதிரி ஓடும் பாருங்க."

தண்டவாளத்தில் வைத்தார். வேகன் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தது.

அயர்லாந்துத் தண்டவாளம் இங்கிலாந்துத் தண்டவாளத்தைவிட அகலம். அந்த அகலத்தை மாதிரியிலும் விடாமல் கொண்டுவந்ததுதான் டூவம் சங்கத்தின் பெருமை. தலைவர் எடுத்து அழுத்தியதோ இங்கிலாந்துக் கட்டை.

"ஃபெர்கல், டூவத்துக்கு விட்ட ரயில் லண்டன்ல போய் நிக்குதேய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடமே அதிர்ந்தது.

கானிஸ் சிரிக்கவில்லை. "பதினெட்டு வண்டி கோத்த கைக்கு எந்தக் கட்டைன்னு தெரியாதா?"

க்வர்க்கின் காது சிவந்தது. கண்கள் கூடத்தைச் சுற்றி, டீக்கடை மேஜையில் வந்து நின்றன. "அட்ராக்டா... கொஞ்சம் இங்க வாயேன்."

அவள் பன்றிக்கறி சாண்ட்விச்சின் கடைசிக் கடியை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"நானா? பாலும் சர்க்கரையும் எவ்வளவு வேணும்னு சொல்லு, கொண்டு வரேன்."

"விளையாடாதே. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இந்த வண்டிங்களைச் செஞ்சது யாரு ஃபெர்கல்? ஏலம் விடற குரல் ஒண்ணு வச்சிருக்கியே, அந்தக் குரல்ல சொல்லு."

"நீதான்" என்றார் முனகலாக.

"கடைசி வரிசைக்குக் கேக்கலையாம்."

"அட்ராக்டா மல்ஹெர்ன் செஞ்சது! பதினெட்டும்!"

அவள் மேஜைக்கு வந்தாள். சரியான கட்டையை எடுத்தாள். ஒவ்வொரு வேகனையும் க்வர்க்கின் கையில் கொடுத்து, "ஆடாம பிடி" என்று சொல்லிச் சக்கரங்களை நிமிர்த்தினாள். ஆறும் முடிந்தபின் ரயில் பிரியும் பாதையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

கானிஸ் குனிந்து மெதுவாகக் கேட்டார். "ஆறு வண்டிக்கும் ஒரே அளவு கோணல். இது தானா ஆனதில்லையேம்மா?"

"இல்லை. நான்தான் செஞ்சேன்."

"அப்படின்னா உங்க மேஜைக்குக் கோப்பை கிடையாது."

"நான் கோப்பை கேட்டேனா?"

சாயங்காலத்துக்குள் க்வர்க் தன் கைப்பட அட்டை எழுதி வைத்துவிட்டார்: 'வேகன்கள்: அட்ராக்டா மல்ஹெர்ன்.' பிறகு குழைந்துகொண்டு வந்தார். "உன் பேரு போட்டாச்சு. கணக்கு தீர்ந்துச்சு, இல்லையா?"

"எனக்கு இன்னும் தீரலை" என்றாள். பதினெட்டு வேகன்களையும் பஞ்சில் பொதிந்து பெட்டியில் அடுக்கிக்கொண்டு வீடு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு யூரோ கொடுத்து டிக்கெட் வாங்கி, பார்வையாளராக உள்ளே வந்தாள். சங்க மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். க்வர்க் ஒற்றை எஞ்சினை வெறும் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் அட்டையைப் படித்தார்கள், மேஜையைத் தேடினார்கள், கேட்டார்கள்.

"வேகன் எங்கேங்க?"

"அது... அவங்க வீட்ல இருக்கு."

அடுத்தவர் வந்தார். அவரும் படித்தார், தேடினார், கேட்டார்.

"வேகன் எங்கேங்க?"

கூடம் மூட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அட்ராக்டா மல்ஹெர்ன் மேல்கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு வசதியாகச் சாய்ந்தாள்.